மேடையிலே ஒரு கதை

சென்ற வாரம் அயல்வீட்டு மாணவனொருவன் தன் பேச்சை என்னிடம் கொண்டுவந்தான். பாடசாலைப் போட்டி, ஐந்து நிமிடம், விடயம் "நீரைக் காப்போம்". தாளின் இருபுறமும் இலக்கங்கள். மனப்பாடமாக ஒப்புவித்தான். மூன்றாவது நிமிடத்தில் ஓர் இலக்கம் தவறிற்று. அப்பால் ஒரு சொல்லும் எழவில்லை. உடன் வந்திருந்த அவனுடைய அம்மம்மாவோ அதற்கு முன்பே கண்ணயர்ந்துவிட்டார்.

"போன முறையும் இப்படித்தான் நின்றுவிட்டேன், மாமா. இந்த முறையும் தவறினால் இனி மேடை ஏறமாட்டேன்" என்றான், கண் கலங்க.

அவனுக்கு 1893ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்றைச் சொன்னேன். சிக்காகோ சர்வமத மகாசபையில் சுவாமி விவேகானந்தர் செப்டெம்பர் 11ஆம் நாள் ஆற்றிய பேச்சை எல்லோரும் அறிவர். 15ஆம் நாள் பேச்சை நம்மவர் அத்துணை நினைப்பதில்லை. சமயத்தார் ஏன் பிணங்குகின்றனர் என்பதை அன்று விளக்கவேண்டியிருந்தது. அவர் தத்துவத்தை விரித்தாரல்லர். நாமெல்லாம் அறிந்த கிணற்றுத் தவளையின் கதையைச் சொன்னார். கடலில் வாழ்ந்த தவளையொன்று கிணற்றுள் விழுகிறது. கிணற்றுத் தவளை ஒரு புறத்திலிருந்து மறுபுறம் தாவிக் காட்டி, உன் கடல் இவ்வளவு பெரிதோ என்கிறது. ஒப்பிடவே முடியாதென்று கேட்டதும், வந்தவனைப் பொய்யனென்று தள்ளிவிடுகிறது.

கதை சிறிதுதான். ஆயினும் அவர் அதைப் பொருத்திய முறையைப் பாருங்கள்! கிணற்றினுள் முதலில் இருத்தியது இந்துவாகிய தம்மையே. அதன் பின்னரே கிறித்தவரையும் இஸ்லாமியரையும் அவரவர் கிணற்றில் காட்டினார். வரிசை மாறியிருந்தால் சபையோர் பலர் முகஞ் சுளித்திருப்பர்.

"என்னிடம் கதை இல்லையே" என்றான் பையன்.

விழித்துக்கொண்ட அம்மம்மா, "எங்கடை வளவுக் கிணறு உவராய்ப் போனது கதையில்லையோ, ராசா?" என்றார்.

அவர் மணமுடித்து வந்த நாளில் துலா மிதித்து இறைத்த அந்நீரையே அயலாரும் குடித்தனராம். பின்னர் இயந்திரம் வந்தது, இரவு பகலாக இறைத்தனர், வாழைகள் கருகின. இன்று குடிநீரை விலைகொடுத்து வாங்குகின்றனர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறையில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது, மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும் என்று அவன் தாளிலும் எழுதியிருந்தான். அது தன் வீட்டில் நடந்ததென்று மட்டும் எழுதவில்லை.

"நாங்களே கூட இறைத்தோம் என்று சொன்னால் அப்பா கோபிப்பாரே?"

அதைத்தான் முதலில் சொல்லவேண்டும் என்றேன். தகப்பனாரிடம் கேட்டுவரச் சென்றான். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்பு சொல்லும்படி கூறினாராம்.

இப்போது கதைக்கு மாத்திரம் நான்கு நிமிடம் பிடிக்கிறது. எந்த இலக்கங்களை வெட்டுவதென்று அம்மம்மாவும் பேரனும் வழக்காடிக்கொண்டிருக்கின்றனர். போட்டி வருகிற வெள்ளிக்கிழமை.