எருமைக்கு யாரு பவுடர் போட்டது?

புதுசா கேமரா வாங்கியிருக்கீங்களா? அண்ணன் தன்னோட பழசை உங்க தலையில கட்டிட்டாரா? இல்ல, செல்போனே போதும்னு இருக்கீங்களா? எதுவானாலும் ஓகே. மெகாபிக்ஸல் எத்தனைங்கிற சண்டையை கேன்டீன்ல வெச்சுக்கலாம். முதல்ல ஒரு ரகசியம்: உங்க கேமராவுக்கு கறுப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது.

நம்பலையா? ஒரு செவ்வாய்க்கிழமை காலையில எங்க மதகடிப்பட்டுக்கு வாங்க. புதுச்சேரி - விழுப்புரம் ரோட்டுல இருக்கு. செவ்வாய்னா மாட்டுச் சந்தை. ஒரு வெள்ளைக் காளையை ஃப்ரேம் முழுக்க அடைக்கிற மாதிரி ஆட்டோ மோடுல க்ளிக் பண்ணுங்க. அடுத்து ஒரு எருமையை அதே மாதிரி எடுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. காளை, நாலு நாள் துவைக்காத பனியன் மாதிரி மங்கியிருக்கும். எருமை, சாம்பல் பூசினாப்ல வெளுத்திருக்கும். நான் இந்த சோதனையைப் பண்ணிட்டு, ஸ்க்ரீனை எருமைக்காரர்கிட்ட காட்டினேன். "இன்னா தம்பி, எருமைக்குப் பவுடர் போட்டு வுட்டுட்டியா?"ன்னாரு. போட்டோ பார்த்து விலை பேசற காலம் பாஸ், அவர் கவலை அவருக்கு!

விஷயம் இதுதான். கேமராவுக்குள்ள இருக்கிற மீட்டர், பொருள் மேல பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சத்தை மட்டும்தான் அளக்குது. பொருளே கறுப்பா, இல்ல வெளிச்சம்தான் கம்மியான்னு அதுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. அதனால, 'எதிர்ல இருக்கிறது மொத்தமும் சராசரியா நடுத்தர சாம்பல்'னு ஒரு குத்துமதிப்பு போட்டுக்குது. பழைய போட்டோகிராபர்கள் பையில ஒரு க்ரே கார்டு இருக்குமே, வெளிச்சத்துல 18 சதவீதத்தை மட்டும் திருப்பி அனுப்பற அட்டை, அதே சாம்பல். இப்போ வர்ற கேமராக்கள் ஃப்ரேமைப் பல கட்டமாப் பிரிச்சு அளக்குது, முகத்தைக்கூட கண்டுபிடிக்குது. ஆனாலும் ஃப்ரேம் முழுக்க ஒரே நிறம்னா தடுமாறிடும்.

அதுக்குத்தான் ப்ளஸ் - மைனஸ் போட்ட பட்டன் இருக்கு. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்னு பேரு. ப்ளஸ் 1 வெச்சா வெளிச்சம் ரெண்டு மடங்கு, மைனஸ் 1 வெச்சா பாதி. காளைக்கு ப்ளஸ், எருமைக்கு மைனஸ். கேட்க உல்டாவா இருக்கா? கேமரா போட்ட தப்புக் கணக்கை நாம திருத்துறோம், அவ்ளோதான். செல்போன்ல, ஸ்க்ரீனைத் தொட்டதும் பெரும்பாலும் ஒரு சூரியன் படம் வரும். அதை மேல கீழ இழுங்க.

சந்தையிலேர்ந்து அப்படியே குண்டாங்குழி மகாதேவர் கோயிலுக்கு வாங்க. ராஜராஜ சோழன் காலத்துக் கற்றளி. மத்திய தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. பின்னாடி பளீர்னு வானம், முன்னாடி நிழல்ல கறுத்த கல். ரெண்டையும் ஒரே ஷாட்ல முழுசாப் பிடிக்கிறது கஷ்டம். ஜேபெக் படத்துல ஒவ்வொரு நிறத்துக்கும் 0-லேர்ந்து 255 வரைக்கும்தான் படி. மேகம் மொத்தமும் 255-ல போய் முட்டிடுச்சுன்னா அங்கே மேகமே கிடையாது, வெறும் வெள்ளை ஓட்டை. எந்த சாஃப்ட்வேரும் நிஜ மேகத்தைத் திருப்பித் தராது. நிழலை மட்டும் ஓரளவு மீட்கலாம், கொஞ்சம் புள்ளி புள்ளியா வரும். ஹிஸ்டோகிராம்னு ஒரு மலை மாதிரி கிராஃப் இருக்கும் பாருங்க, அது வலது ஓரச் சுவத்துல மோதாம இருக்கான்னு பார்த்துட்டு க்ளிக் பண்ணுங்க.

சரி, மாடு, கல்லு எல்லாம் இருக்கட்டும். நம்ம மூஞ்சி?

இங்கேதான் எனக்குக் கடுப்பாகுது. ஃபிலிம் காலத்துல கோடாக் கம்பெனி லேப்களுக்கு 'ஷெர்லி கார்டு'னு ஒண்ணு அனுப்பும். அதுல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு. அந்த முகம் சரியா வந்தா கலர் சரின்னு அர்த்தம்! மாநிறமும் கறுப்பும் எப்படி வந்தா யாருக்கு என்ன? பிரவுன் ஷேடுகள் சரியா வரலைன்னு சாக்லேட் கம்பெனிக்காரங்களும் ஃபர்னிச்சர்காரங்களும் புகார் பண்ணதும், பின்னாடி ஃபிலிம் மாறினதுக்கு ஒரு காரணம்னு சொல்றாங்க. சாக்லேட்டுக்குக் கிடைச்ச மரியாதை! கறுப்பு முகம் கறுப்பாவே நல்லா வரணும்னு கூகுள் தன் பிக்ஸல் போன்ல 'ரியல் டோன்' கொண்டுவந்தது 2021-லதான்.

நம்ம ஊர்ல மட்டும் என்னவாம்? ஐடி கார்டுக்கு போட்டோ எடுக்கப் போனேன். ஸ்டூடியோ அண்ணன் கேட்காமலே மவுஸை நாலு தட்டு தட்டி என்னை ரெண்டு ஷேடு வெளுப்பாக்கிட்டார். 'சும்மா பளிச்சுனு இருக்குல்ல?'ன்னு பெருமை வேற. கார்டைப் பார்த்த எங்கம்மா, 'யாருடா இது?'ன்னாங்க.

அதனால, அடுத்த வேட்டி டேக்கு க்ரூப் போட்டோ எடுக்கப் போறவங்க கவனிங்க. எல்லாரும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. மீட்டர் அந்த வெள்ளையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைச்சிடும், முகமெல்லாம் இருட்டாயிடும். வெயில்ல நிக்க வெக்காதீங்க, வேப்பமர நிழலுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆளுங்களுக்குப் பின்னாடி வானம் தெரிய வேணாம். முகத்தைத் தொட்டு அளவு எடுங்க, சட்டையில மடிப்பு மறையற அளவுக்கு வெளுத்தா கொஞ்சம் மைனஸ். மச்சான் ஒருத்தனை மட்டும் க்ளோசப் எடுக்கிறீங்கன்னா, அவன் நல்ல கறுப்புன்னா, எருமைக்குச் செஞ்சதேதான், மைனஸ் அரை. (இதை அவன்கிட்ட சொல்லிட்டு எடுக்காதீங்க!) பியூட்டி மோடு ஆஃப்ல இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க. நிறைய போன்ல அது தானாவே ஆன்ல இருக்கும்.

ஷட்டர் ஸ்பீடு அடுத்த வாரம். ஓடுற கன்னுக்குட்டியைப் பிடிக்கணும், ரெடியா இருங்க!