செத்த விமானியில் பழி போடுவது சுகம்

கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத சின்ன விமான நிலையத்தில் இரண்டு விமானங்கள் மோதினால், விசாரணை முடிவை நாங்கள் இங்கிருந்தே எழுதிக் கொடுக்கலாம். விமானி மற்றதைப் பார்த்து விலகவில்லை. முடிஞ்சுது கதை. பாதுகாப்பற்ற கடவையில் ரெயின் அடித்துச் செத்தவனைப் பார்த்து "பார்த்துப் போயிருக்கலாம்தானே" எண்டு சொல்லுகிற அதே வாய்தான் இது.

அமெரிக்காவை எடுப்பம். பொதுப் பாவனைக்கான விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000. கோபுரம் உள்ளவை 500 சொச்சம். மிச்ச இடங்களில் யார் முதலில் இறங்குவது எண்டு சொல்ல ஆளில்லை. ஒரு பொது அலைவரிசையில் விமானிகள் தாங்களே அறிவித்துக்கொள்ள வேண்டும். அதுவும் பரிந்துரைதான், கட்டாயமில்லை. றேடியோவே இல்லாத விமானமும் அப்படியான பல நிலையங்களில் சட்டப்படி வந்து இறங்கலாம்.

1996 நவம்பர் 19, இல்லினோய் மாநிலத்தின் குவின்சி. 12 பேரோடு பீச்கிராஃப்ட் 1900 பயணிகள் விமானம் ஒன்று இறங்க வந்தது. அதன் ஓடுபாதையைக் குறுக்கறுக்கும் மற்றப் பாதையில் ஒரு கிங் எயார், அதற்குப் பின்னால் ஒரு சின்னச் செரோக்கி. இறங்க வந்தவர்கள் திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். நிக்கப்போறீங்களா, கிளம்பப்போறீங்களா எண்டும் கேட்டார்கள். கிங் எயார் பதில் சொல்லவில்லை. சொன்னது செரோக்கி. அந்தப் பதிலுக்கு நடுவில் பயணிகள் விமானத்தின் உயர எச்சரிக்கைக் குரல் புகுந்துவிட்டது. முன்னுக்கு நிற்பவர்தான் பொறுக்கிறார் எண்டு நம்பி இறங்கினார்கள். கிங் எயார் ஓடத் தொடங்கியது. இரண்டிலும் இருந்த 14 பேரும் செத்தார்கள்.

மோதின அடியில செத்தவை எண்டு நினைக்காதேங்கோ. பயணிகள் விமானத்தில் இருந்தவர்கள் மோதலைத் தப்பியிருந்தார்கள். ஓடிவந்தவர்களால் கதவைத் திறக்க முடியவில்லை. புகை முடித்துவிட்டது. நிலையத்தில் தீயணைப்பு ஆட்கள் இல்லை. 30 இருக்கைக்கு மேற்பட்ட விமானங்கள் வந்துபோனால்தான் அது கட்டாயம் எண்டது அன்றைய விதி. 19 இருக்கை எண்டால் எரியலாமாக்கும்! விசாரணை அறிக்கை கிங் எயார் விமானிகளைக் காரணமாக எழுதியது. அது பொய்யில்லை. ஆனால் கதவும் தீயணைப்பும் அதே அறிக்கையில் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

26 வருசம் கழித்து, 2022 ஓகஸ்டில், கலிபோர்னியாவின் வொட்சன்வில். ஓடுபாதையைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்த சின்னச் செஸ்னாவும், வேகமாக நேரே இறங்க வந்த பெரிய செஸ்னாவும் மோதி 3 பேர் செத்தார்கள். இருவருமே றேடியோவில் பேசிக்கொண்டுதான் வந்தார்கள். முடிவு? பார்த்து விலகத் தவறினார்.

கண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேணும். நேரே மோதப்போகிற விமானம் கண்ணாடியில் நகராது, ஒரே இடத்தில் புள்ளியாக நிற்கும். கண் பிடிப்பது நகர்வதைத்தான். புள்ளி பெருக்கிறது கடைசிச் சில செக்கனில். கண்டபிறகும் உணர்ந்து, முடிவெடுத்து, விமானம் திரும்ப 12.5 செக்கன் வேணும் எண்டு கணக்குக் காட்டுவது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமேதான். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே பாதுகாப்பைக் கண்ணிடம் விட்டிருக்கிறார்கள்.

அவுஸ்திரேலியா 2010 இல் கோபுரமில்லாத முக்கிய நிலையங்களில் றேடியோவைக் கட்டாயமாக்கியது. அதுவும் போதவில்லை. 2020 பெப்ரவரியில் விக்டோரியாவின் மங்களூருக்குக் கிட்ட இரண்டு விமானங்கள் மோதி 4 பேர் செத்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் மற்றதைப் பற்றிக் கட்டுப்பாட்டாளர் சொல்லியுமிருந்தார். பிறகுதான் விமானங்கள் ஒன்றையொன்று திரையில் காட்டும் ஏடிஎஸ்-பி கருவிக்கு அரசு செலவில் பாதிவரை திருப்பித் தரத் தொடங்கியது.

காசு, பறக்கும் சுதந்திரம் எண்டு சொல்லுவினம். மற்றவனுக்குத் தன் இடத்தைச் சொல்லாமல் பறக்கிறது என்ன சுதந்திரம்? எல்லா வயலிலும் கோபுரம் கட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. றேடியோவையும் அந்தக் கருவியையும் கட்டாயமாக்குங்கள், வசதியில்லாதவனுக்குக் காசு கொடுங்கள். இல்லையெண்டால் அடுத்த அறிக்கையின் காரணப் பந்தியில், விமானிக்கு முதல் உங்கள் அலுவலகத்தின் பெயரைப் போடுங்கள்.