குண்டு விழுந்தது சரி... இலக்கு அழிந்ததா? தாக்குதல் சேதத்தை ராணுவங்கள் கணக்கிடுவது எப்படி?

ஈரானின் ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்ஃபஹான் அணுசக்தி மையங்களை 2025 ஜூன் 22-ல் அமெரிக்கா தாக்கியது. மூன்றும் அடியோடு அழிந்துவிட்டதாக அதிபர் ட்ரம்ப் அறிவித்தார். இரண்டே நாளில் கசிந்த அமெரிக்க ராணுவ உளவு அமைப்பின் முதற்கட்ட மதிப்பீடோ, ஈரானின் அணுத் திட்டம் சில மாதங்கள்தான் தள்ளிப்போகும் என்றது. ஜூலை 2-ல் பென்டகன் சொன்ன கணக்கு 1 முதல் 2 ஆண்டுகள்.

தாக்குதல் ஒன்றுதான். அப்புறம் ஏன் ஆளுக்கொரு கணக்கு?

கேட்க வேண்டிய 3 கேள்விகள்

குண்டு சரியாக விழுந்ததா? அந்த இடம் இனி இயங்குமா? எதிரியின் மொத்த பலம் எவ்வளவு குறைந்தது? சேத மதிப்பீடு என்பது இந்த மூன்றுக்கும் பதில் தேடுவதுதான்.

ஃபோர்டோவில் முதல் கேள்விக்கு செயற்கைக்கோள் படமே பதில் சொல்லிவிட்டது. தலா 13,600 கிலோ எடையுள்ள 12 'பங்கர் பஸ்டர்' குண்டுகள் விழுந்த மலையில் துளைகள் தெளிவாகத் தெரிந்தன.

இரண்டாவது கேள்வியில்தான் சிக்கல். யுரேனியம் செறிவூட்டும் கூடம் மலைக்குள் ஆழத்தில் இருக்கிறது. அங்குள்ள மையவிலக்கு இயந்திரங்கள் அதிர்வையே தாங்காதவை என்பதால், பலத்த சேதம் இருக்கும் என நிபுணர்கள் கணித்தனர். ஆனால் உள்ளே போய்ப் பார்க்காதவரை அது கணிப்புதான்.

மூன்றாவது இன்னும் கஷ்டம். தாக்குதலுக்கு முன் ஈரானிடம் 60% செறிவூட்டப்பட்ட யுரேனியம் சுமார் 440 கிலோ இருந்தது. தாக்குதலுக்குப் பின் அது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பதை சர்வதேச அணுசக்தி முகமையால் நேரில் சரிபார்க்க முடியவில்லை. கட்டடம் இடிந்தாலும் யுரேனியமும் விஞ்ஞானிகளின் அனுபவமும் மிஞ்சினால், கணக்கே மாறிவிடும்.

கொசோவோ சொன்ன பாடம்

1999-ல் நேட்டோ 78 நாள் குண்டு வீசியது. சுமார் 120 செர்பிய டாங்கிகள் அழிந்ததாக போர் முடிந்தபோது அமெரிக்கா சொன்னது. பிறகு நேட்டோ செய்த ஆய்வில் அது 93 ஆனது. களத்தில் உருக்குலைந்து கிடந்தவை வெறும் 26. செர்பியப் படை நிறுத்திவைத்த போலி டாங்கிகளும் விமானிகளை ஏமாற்றியிருந்தன.

ஏன் முக்கியம்?

மீண்டும் தாக்குவதா, பேச்சுவார்த்தைக்குப் போவதா என்ற முடிவு இந்தக் கணக்கை வைத்துத்தான் எடுக்கப்படுகிறது. கணக்கு தப்பினால் இன்னொரு போர்கூட வரலாம்.

எனவே, 'இலக்கு அழிக்கப்பட்டது' என்று அடுத்த முறை செய்தி வந்தால், மூன்றில் எந்தக் கேள்விக்கான பதில் அது என்று பாருங்கள். முதல் சில மணி நேரத்தில் கிடைப்பது பெரும்பாலும் முதல் கேள்விக்கான பதில் மட்டுமே.