இறக்கையில் பனிக்கட்டி! தரையிலே பயிற்சி!

சிறு விமானங்களுக்குப் பெரும் பகை, பனிக்கட்டி!

மேகத்துக்குள் சில நீர்த்துளிகள் 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் மிதக்கும். விமானம் மோதியதும் அவை உறைந்து, இறக்கையில் ஒட்டிக்கொள்ளும்.

எடையா, வடிவமா?

பனிக்கட்டியின் எடைதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். இறக்கையின் வடிவம் கெடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. உப்புத்தாள் போன்ற சொரசொரப்பே போதும். தூக்கும் சக்தி 30 சதவீதம் வரை குறையும். காற்றின் தடை 40 சதவீதம் வரை கூடும். எச்சரிக்கை மணி ஒலிக்கும் முன்பே விமானம் நிலைகுலையலாம்!

போலி விமானம்

தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டப் பழக்கும் எந்திரங்கள் உண்டு. அவற்றில் பலவும் முன்பு பனிக்கட்டி என்றால் எடையை மட்டுமே கூட்டிக் காட்டின. அது அரைப் பாடம்!

அமெரிக்காவின் நாசா, "ட்வின் ஆட்டர்" என்ற சிறு விமானத்தைப் போல ஒரு பயிற்சி எந்திரம் செய்தது. மாதிரி விமானத்தில் போலிப் பனிக்கட்டியை ஒட்டி, காற்றை வீசி அளந்த கணக்கு அதில் உள்ளது.

இறக்கை தூக்கும் சக்தியை இழந்தால், விமானத்தின் மூக்கைத் தாழ்த்த வேண்டும். வால் சிறகு அப்படி ஆனால், கைப்பிடியைப் பின்னால் இழுக்க வேண்டும். ஒன்றுக்கொன்று நேர் எதிர்! மாற்றிச் செய்தால் உயிர் போகும். அதை அந்த எந்திரம் கையால் உணர வைக்கிறது.

2016-ல் அமெரிக்க அரசு, உயர்தரப் பயிற்சி எந்திரங்கள் பனிக்கட்டியின் விளைவை உண்மையாகக் காட்ட வேண்டும் என்று விதி செய்தது. நல்ல விதி. சிறு விமானம் ஓட்டப் பழகுகிறவர்களின் எளிய எந்திரங்களுக்கும் அது வேண்டும். அவர்கள் உயிரும் உயிர்தானே!