எதுக்கு ஸ்கூட்டி?



எங்கள் தெருவில் ஓர் அக்கா. வயது 52. மூன்று வருடமாக ஜனவரி பிறந்தால் போதும், "இந்த வருஷம் ஸ்கூட்டி கத்துக்கணும்" என்பார். ஒருமுறை எல்.எல்.ஆர்.கூட எடுத்தார். ஆறு மாதம் ஓடி, அதுவும் காலாவதியானது.

போன மாதம் மொட்டை மாடியில் வேட்டி விரித்துக் கூழ் வடகம் பிழிந்துகொண்டிருந்தார். கூடமாட உதவப் போன நான் கேட்டேன், "எதுக்குக்கா ஸ்கூட்டி?"

"யாரையும் எதிர்பார்க்காம போய் வரலாமே."

"எங்கே போகணும்?"

உடனே பதில் வரவில்லை. வேட்டியின் ஓரத்தை இழுத்துவிட்டு, காற்றில் பறக்காமலிருக்க ஒரு கல்லை எடுத்து வைத்தார். "அம்மாகிட்ட."

அம்மா வீடு ஆறு கிலோமீட்டர்தான். கேட்டால் மகன் கொண்டுபோய் விடுவான், மறுத்ததே இல்லை. ஆனால் வண்டியை ஆஃப் பண்ணாமல் வாசலிலேயே நிற்பான். எண்பது வயது அம்மா காபி போட்டு எடுத்து வருவதற்குள் ஹாரன் அடித்துவிடும். அக்காவுக்கு வேண்டியிருந்தது, அவசரமில்லாமல் அம்மாவோடு ஒரு மத்தியானம். அதற்குத்தான் ஸ்கூட்டி என்று பெயர் வைத்திருந்தார்!

எனக்குப் புதுக்கோட்டை ஞாபகம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கே எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கேலி பேசியவர்கள் உண்டு. இருந்தும் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் பெடலை விடவில்லை. ஏன்? தண்ணீர்க் குடத்தைச் சுமந்து நடக்க வேண்டாம், பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டாம், விளைந்ததைத் தாங்களே சந்தைக்குக் கொண்டுபோகலாம். காரணம் அவர்கள் வீட்டு அடுப்படியிலிருந்தே வந்தது.

நம் வீடுகளிலும் இலக்குகளுக்குக் குறைவா? பத்து கிலோ குறைக்கணும், இங்கிலீஷ் பேசணும், சொந்த வீடு வாங்கணும். எதுக்கு என்று கேட்டால் முதலில் வரும் பதில் பெரும்பாலும் ஊருக்குச் சொல்லும் பதில்தான். இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள். சொந்த வீட்டு ஆசைக்கு அடியில், விருந்தாளி வந்தால் தலை எண்ணும் ஹவுஸ் ஓனர் இருக்கலாம். இங்கிலீஷ் ஆசைக்கு அடியில், பிள்ளையின் ஸ்கூல் மீட்டிங்கில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமை இருக்கலாம். ஒருவேளை அங்கே எதுவுமே இல்லை, பக்கத்து வீட்டைப் பார்த்து வந்த ஆசைதான் என்று தெரிந்தால்? தயங்காமல் விட்டுவிடுங்கள். அது தோல்வியே இல்லை.

அக்கா இப்போது செவ்வாய்தோறும் டவுன் பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போகிறார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே, டிக்கெட் காசுக்குக்கூட யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புகிறார்.

புதிதாக எல்.எல்.ஆருக்கும் பதிந்திருக்கிறார். அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து கோயிலுக்குக் கூட்டிப்போகணுமாம்.

அன்புடன்,
ஆசிரியர்