டெஸ்ட் பண்ண வாங்குற போன் மட்டமாத்தான் இருக்கணும்

மொபைல் கேம் செய்யும் சின்னக் குழுக்களுக்குக் கிடைக்கிற அறிவுரைகளிலேயே ஆக மோசமானது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: "டெஸ்ட் பண்றதுக்கு நல்லதா ஒரு போன் வாங்கிக்கோங்க." நல்ல போன் என்றால்? போன மாதம் வந்த ஆண்ட்ராய்டு ஃபிளாக்‌ஷிப் ஒன்று, துணைக்குப் புது ஐபோன் ஒன்று. இரண்டையும் கூட்டினால் லட்சத்தைத் தாண்டிவிடும். இந்த அறிவுரையை அள்ளி வீசுகிறவர்கள் யாரும் அந்தக் காசைக் கொடுக்கப் போவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

"நீ பி.காம் தானே, உனக்கென்ன தெரியும் இதப்பத்தி?" என்று சிலர் கிளம்புவீர்கள். எனக்கு ஒரு வரி கோடு எழுதத் தெரியாதுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் என் நண்பர்கள் மூன்று பேர் ரேக்ளா பந்தயத்தை வைத்து ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறார்கள். அதற்குக் கணக்குப் பிள்ளை நான். கையிருப்பு 40,000 ரூபாய், நாலு பேரும் போட்டது. அதில் ஒருத்தன், 75,000 ரூபாய் போனை மாதம் 6,250 என்று பன்னிரண்டு மாத இஎம்ஐ-யில் எடுத்துவிடலாம் என்கிறான். காசு யாருடையது, எதுக்குப் போகிறது, திரும்பி என்ன வரும் என்று கேட்க கோடு தெரிய வேண்டியதில்லை.

டெஸ்ட் போன் என்பது என்ன? கெட்ட செய்தி சொல்வதற்காகவே நாம் வேலைக்கு வைக்கிற ஆள். ஃபிளாக்‌ஷிப் அந்த வேலைக்கு லாயக்கே இல்லை. அது ஒரு ஜால்ரா. 12 ஜிபி ராமை வைத்துக்கொண்டு நீங்கள் எதைக் கொடுத்தாலும் "ஆஹா, பிரமாதம்" என்று ஓட்டிக்காட்டும். தணிக்கைக்கு மாமனாரைக் கூட்டிவந்து உட்கார வைத்த மாதிரி. கையெழுத்து உடனே கிடைக்கும், களவு கடைசிவரை தெரியாது.

இந்தியாவில் விளையாடுகிறவன் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பெரிய கம்பெனிகள் எப்போதோ புரிந்துகொண்டன. பப்ஜி அவ்வளவு ஓகோ என்று ஓடிக்கொண்டிருந்தபோதே, 2019 ஜூலையில் குறைந்த ராம் உள்ள போன்களுக்காகத் தனியாக 'பப்ஜி மொபைல் லைட்' என்று இங்கே இறக்கினார்கள். ஃப்ரீ ஃபயர் ஊர் ஊராகப் பரவியதற்கு அது மலிவு போனிலும் ஓடியது ஒரு பெரிய காரணம். (பப்ஜி 2020 செப்டம்பரிலும் ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியிலும் இங்கே தடை செய்யப்பட்டது தனிக்கதை. அந்தப் பஞ்சாயத்துக்கு இப்போது போகவேண்டாம்.) அத்தனை காசு வைத்திருப்பவனே 2 ஜிபி போனைத் தேடி வருகிறான். நாற்பதாயிரம் வைத்திருக்கும் நாம் 12 ஜிபி போனைத் தேடிப் போகிறோம்!

சரி, அப்படி என்னதான் ஆகிவிடும்? கூகுள் ப்ளே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தினமும் விளையாடுகிறவர்களில் 1.09 சதவீதம் பேருக்கு மேல் கேம் கண்ணெதிரே க்ராஷ் ஆனால், கடையில் உங்கள் கேமைப் பின்னுக்குத் தள்ளலாம். இது மொத்தக் கணக்கு. இதைத் தவிர ஒவ்வொரு போன் மாடலுக்கும் தனிக்கணக்கு உண்டு. ஒரே மாடலில் 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மாடல் வைத்திருப்பவர்களுக்கு உங்கள் கேம் கண்ணில் படுவதே குறையும். கேமின் பக்கத்திலேயே எச்சரிக்கைப் பலகையும் மாட்டலாம். அதாவது லட்சக்கணக்கில் விற்ற ஒரு மலிவு மாடலில் உங்கள் கேம் படுத்தால், அந்த மாடல்காரர்கள் மொத்தப் பேரும் உங்களுக்கு இல்லை. இது உங்களுக்கு எப்போது தெரியவரும்? வெளியிட்ட பிறகுதான், ஏனென்றால் மேசைமேல் இருக்கும் ஜால்ரா சொல்லாது.

இதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்திருக்கும் வைத்தியம் இன்னும் அழகு. ப்ளே கன்சோலில் '3 ஜிபிக்குக் கீழே ராம் இருந்தால் வேண்டாம்' என்று ஒரு தட்டு தட்டினால் அந்த போன்களை எல்லாம் ஒதுக்கிவிடலாம். க்ராஷ் கணக்கு சுத்தமாகிவிடும். ஐயா, நாங்கள் செய்வது ரேக்ளா பந்தயம். மாடு பழக்குகிறவரும், வண்டி ஓட்டுகிறவரும், கோயில் திருவிழாவுக்குப் பந்தயம் பார்க்கப் போகிறவரும் எந்த போன் வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து அந்தத் தட்டைத் தட்டுங்கள்.

"போன் எதுக்கு, அதான் கம்ப்யூட்டர்லயே எமுலேட்டர் இருக்கே" என்று சொல்லும் கட்சிக்கு வருகிறேன். திரையின் அளவு, பட்டன் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எழுத்து வெளியே வழிகிறதா, இதையெல்லாம் பார்க்க எமுலேட்டர் போதும். வாங்காதே என்று சொல்லவே மாட்டேன், அது சும்மா கிடைக்கிறது. ஆனால் அது பொய் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. நண்பன் ஒருவன் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். கேமில் நிறம், ஒளி, தண்ணீர் எல்லாவற்றையும் கிராபிக்ஸ் சிப் கணக்குப் போட்டுத்தான் வரைகிறது. 'நடுத்தரத் துல்லியம் போதும்' என்று கோடில் எழுதியிருந்தால், போனில் இருக்கும் சிப் அதை 16 பிட்டில் போடும். கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டோ அந்தச் சொல்லைக் கண்டுகொள்ளாமல் பெரும்பாலும் 32 பிட்டிலேயே போட்டுவிடும். 16 பிட் கணக்கில் எண் 1024-ஐத் தொட்டுவிட்டால் தசமமே நிற்காது. 2048-ஐத் தாண்டினால் ஒற்றைப்படை எண்ணே கிடையாது. பைசாவை மட்டுமில்லை, ஒற்றை ரூபாயையும் விழுங்கும் கணக்கன்! கேம் தொடங்கி எத்தனை விநாடி ஆயிற்று என்பதை வைத்து ஆற்றுத் தண்ணீரை அசைத்திருந்தால், முதல் சில நிமிடம் அலை அழகாகப் போகும். போகப் போகத் தடுமாறும். பதினேழு நிமிடத்தில் விநாடிக்கு ஒருமுறை வெட்டி வெட்டி நகரும். கம்ப்யூட்டரில் மணிக்கணக்காகப் பார்த்தாலும் இது தெரியாது.

அப்புறம் சூடு. ஏப்ரல் மாத மதியம், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் இருபது நிமிடம் விளையாடினால் போன் கொதித்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாடு தள்ளாட ஆரம்பிக்கும். எமுலேட்டருக்கு நம்ம ஊர் வெயில் தெரியுமா? தூரத்தில் எங்கோ குளிரூட்டிய அறையில் அடுக்கிவைத்த நிஜ போன்களை இணையம் வழியே வாடகைக்குத் தரும் சேவைகளுக்கும் தெரியாது. அவற்றில் சில தினம் ஒன்றிரண்டு சோதனை இலவசமாகத் தருகின்றன. திறந்தவுடன் க்ராஷ் ஆகிறதா என்று பார்க்க அது நல்லது, பயன்படுத்துங்கள். கட்டைவிரல் வைத்தவுடன் மாடு திரும்புகிறதா, அரை விநாடி கழித்துத் திரும்புகிறதா என்பதை உங்கள் கட்டைவிரல்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே வாங்குங்கள், ஆனால் பழையதாக, மலிவாக, மூன்றாக. ஏன் மூன்று? ஆண்ட்ராய்டு போன்களின் கிராபிக்ஸ் சிப்பில் முக்கியமாக மூன்று குடும்பங்கள்: ஸ்னாப்டிராகன் போன்களில் வரும் அட்ரினோ, மீடியாடெக் எக்ஸினோஸ் பலவற்றில் வரும் மாலி, மீடியாடெக்கின் அடிமட்ட சிப்புகளில் வரும் பவர்விஆர். ஒன்றில் சரியாகத் தெரியும் படம் இன்னொன்றில் கறுப்பாகத் தெரியக்கூடும். ஒரே குடும்பத்தில் மூன்று போன் வாங்குவது ஒரே சாட்சியை மூன்று முறை கூண்டில் ஏற்றுவது.

நான் போட்டிருக்கும் பட்டியல் இது. முதலாவது ரெட்மி 9ஏ. 2020 செப்டம்பரில் 6,799 ரூபாய்க்கு வந்தது. 2 ஜிபி ராம், ஹீலியோ ஜி25, பவர்விஆர் சிப். உங்கள் கேமுக்கு இதுதான் மாமியார். இதனிடம் நல்ல பேர் வாங்கிவிட்டால் அப்புறம் யாரிடமும் பயமில்லை. அடுத்தது 2019-ல் வந்த ரெட்மி நோட் 8: ஸ்னாப்டிராகன் 665, அட்ரினோ 610. மூன்றாவது சாம்சங் கேலக்ஸி எம்12, 2021 மார்ச். எக்ஸினோஸ் 850, மாலி. இதில் ஒரு உபரி லாபம், திரை 90 ஹெர்ட்ஸ். ஃபிரேம் எண்ணிக்கையை வைத்து ஓட்டத்தை எழுதிவிட்டவர்களின் மாடு 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒழுங்காக ஓடி, இதில் ஒன்றரை மடங்கு வேகத்தில் பறக்கும். "ஹை ரெஃப்ரெஷ் ரேட் டெஸ்ட் பண்ண ஃபிளாக்‌ஷிப் வேணும்" என்ற வாதம் இங்கே காலி. மூன்றும் சேர்த்து 15,000-க்கு மேல் போகக்கூடாது என்று நான் கோடு போட்டிருக்கிறேன். இதே மாடல்தான் வேண்டும் என்று அலைய வேண்டாம். குடும்பம் மூன்றும் வந்தால் சரி.

பழசு வாங்குவதில் கணக்குப்பாடம் ஒன்று இருக்கிறது. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம், செல்போனுக்கு 15 தான். சட்டம் அப்படி நினைக்கிறது, சந்தை நினைக்கவில்லை. புது போனின் விலை சரிகிற வேகத்தைப் பார்த்தால் 15 என்பது நல்ல நகைச்சுவை :-) அந்தச் சரிவை முதலில் வாங்கிய புண்ணியவான் ஏற்கெனவே சுமந்துவிட்டார். நாம் வாங்கும்போது அது கிட்டத்தட்டத் தரையில் நிற்கிறது. கேம் முடிந்தபின் விற்றாலும் பெரிதாக நட்டமில்லை. இஎம்ஐ போனோ நான்காவது தவணை கட்டும்போதே பழைய மாடல்.

வாங்கும்போது முதுகில் கீறல், ஓரத்தில் விரிசல் எல்லாம் இருந்தால் சந்தோஷப்படுங்கள், விலை குறையும். பேட்டரி உப்பியிருந்தால் தொடாதீர்கள். *#06# தட்டி ஐஎம்இஐ எண்ணை எடுத்து, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அது முடக்கப்பட்ட எண்ணா என்று பாருங்கள். பழைய ஓனரின் கூகுள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே ரீசெட் செய்து திறந்து காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் போனைச் சுத்தமாக வைத்திருக்காதீர்கள், இது முக்கியம். உங்கள் ஆட்டக்காரனின் போனில் குடும்பக் குழுவில் வந்த காலை வணக்கப் படங்கள் ஆயிரம் இருக்கும், அரை ஜிபி இடம்தான் மிச்சம் இருக்கும். டெஸ்ட் போனையும் அப்படியே நிரப்பி வையுங்கள். எங்கள் கேன்டீன் அண்ணன் போனில் கேமைப் போட்டுக் கொடுத்தோம். பந்தயம் பாதியில் இருக்கும்போது பால்காரர் அழைத்தார். பேசி முடித்துத் திரும்பினால் கேம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ராம் போதாமல் ஆண்ட்ராய்டு அதைக் கொன்றுவிட்டது. 12 ஜிபி போனில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் இதைப் பார்த்திருக்க முடியாது.

இந்த அண்ணனை நினைத்தால்தான் எனக்கு இன்னொரு விஷயத்தில் வயிறு எரிகிறது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு ப்ளேயில் தனிநபர் கணக்கு திறந்தவர்கள் கேமை வெளியிடும் முன் சில பேரைச் சேர்த்து தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனை நடத்தியாக வேண்டும். முதலில் 20 பேர், 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "நீ என் ஆப்பைப் போடு, நான் உன் ஆப்பைப் போடுறேன்" என்று மொய் எழுதுகிறார்கள். காசு கொடுத்து ஆள் பிடிப்பதும் நடக்கிறது. அடப்பாவிகளா! பன்னிரண்டு விதமான போன், பன்னிரண்டு விதமான விரல், பதினான்கு நாள், ஒரு பைசா செலவில்லை. வாட்ச்மேன் தாத்தா, ஊரில் சித்தப்பா, அக்கா பையன், மெஸ் அக்கா என்று தேடித் தேடி வேறு வேறு மாடலாகச் சேர்க்க வேண்டிய இடத்தில், வகுப்புத் தோழர்களைப் பிடித்துப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள்.

ஐபோன் விஷயத்தில் என் கட்சி எளிமையானது: கடைசியில் வாங்கு. இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆண்ட்ராய்டு. அமெரிக்காவில் விற்கப் போகும் கேம் என்றால் வரிசை தலைகீழாகும், ஒப்புக்கொள்கிறேன். ரேக்ளாவுக்கு அது வேண்டாம். ஆப்பிளில் வெளியிட ஆண்டுக்கு 99 டாலர், கூகுளில் ஒருமுறை 25 டாலர். போக மேக் ஒன்று யாரிடமாவது கடன் வாங்க வேண்டும். சொந்த போனில் போட்டுப் பார்க்க மட்டும் என்றால் இலவசக் கணக்கே போதும், ஏழு நாளுக்கு ஒருமுறை மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். மலிவாக ஐபாட் டச் வாங்கித் தப்பித்த காலம் 2022 மே மாதத்தோடு போயிற்று. பெரிய திரை என்று பழைய ஐபோன் எக்ஸ்ஆர் பக்கம் சிலர் சாய்கிறார்கள். அது 2018 மாடல், 2025-ல் வந்த ஐஓஎஸ் 26 அதற்குக் கிடையாது. 2020-ன் ஐபோன் எஸ்இ-க்கு உண்டு. திரை சின்னது, ராம் 3 ஜிபி, அதாவது நமக்கு வேண்டிய மாதிரி மட்டம். மேலே வெட்டு இருக்கும் திரையில் பட்டன் மறைகிறதா என்பதை மேக்கில் சிமுலேட்டரே காட்டிவிடும்.

இதையெல்லாம் எழுதி நண்பர்கள் முன்னால் வைத்தாயிற்று. மூன்றுக்கு ஒன்று என்று என் பக்கம் ஓட்டு. சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போகிறோம். இஎம்ஐ கேட்டவனும் வருகிறான். பேரம் பேச அவனை விட்டால் எங்களில் ஆளில்லை.