கண் விழிப்பது பெருமையா?

மாணவ நண்பர்களே! தேர்வு நெருங்கினால், "நேற்றிரவு இரண்டு மணி வரை படித்தேன்" என்று பெருமை பேசுவோர் எல்லா வகுப்பிலும் உண்டு. பெரியவர்களும் அதைக் கேட்டு மெச்சுவார்கள். இது மெச்சத்தக்கது அன்று என்பதே என் கருத்து. உறக்கம் கெட்டால் படிப்பு மட்டுமன்றி மனநலமும் கெடும். காரணம், நம் உடலுக்குள் ஓடும் ஒரு கடிகாரம்.

1729-இல் டி மைரான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி தொட்டாற்சிணுங்கி இனச் செடி ஒன்றை இருட்டில் வைத்தார். வெளிச்சம் இல்லாமலேயே அதன் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் குவிந்தன! உயிர்களுக்குள்ளேயே நேரம் அறியும் ஏற்பாடு உண்டு என்பது பின்னாளில் உறுதியாயிற்று. மனிதனுக்கு அந்தத் தலைமைக் கடிகாரம் மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் இருக்கிறது. ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் கொண்ட சிறு திரள் அது. உறக்கம், உடல் வெப்பம், ஹார்மோன் சுரப்பு ஆகியவற்றுக்கு அதுவே நேரம் வகுக்கிறது.

இக்கடிகாரத்தின் ஒரு சுற்று, பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று அதிகம். ஆகவே, மெதுவாக ஓடும் கைக்கடிகாரத்தைப்போல இதையும் நாள்தோறும் திருத்தி வைக்க வேண்டும். திருத்துவது எது? ஒளி! காலை ஒளி அதை முன்னே நகர்த்தும். இரவில் படும் ஒளி பின்னே தள்ளும். இருட்டியபின் பீனியல் சுரப்பியிலிருந்து சுரந்து, உடலை உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனினையும் வெளிச்சம் குறைத்துவிடும்.

இதற்கும் மனத்துக்கும் என்ன தொடர்பு? தென் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற டாக்டர் நார்மன் ரோசென்தாலும் அவர் குழுவினரும், ஆண்டுதோறும் குளிர்காலத்தில் மனச்சோர்வுக்கு ஆளாகும் 29 பேரைப் பற்றி 1984-இல் எழுதினார்கள். பிரகாசமான விளக்கொளியில் அமர வைத்தபோது பலருக்குச் சோர்வு தணிந்தது. இன்று இந்நோய்க்கு ஒளிச் சிகிச்சை ஏற்கப்பட்ட மருத்துவம். அளவுமீறிய எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய் உள்ளவர்களுக்கு, ஓரிரவு உறக்கம் கெடுவதே எழுச்சி நிலையைத் தூண்டிவிடக்கூடும். ஆனால் கடிகாரம் மட்டுமே காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். பரம்பரை, இழப்பு, வாழ்க்கைத் துயரங்கள் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு.

"நம் ஊரில்தான் வெயிலுக்குக் குறைவில்லையே!" என்பீர்கள். உண்மை. வாஷிங்டனில் மிகக் குறுகிய பகல் சுமார் 9½ மணி நேரம். சென்னையிலோ 11 மணி நேரத்துக்கும் அதிகம். ஆனால் அந்த ஒளி நம் கண்ணில் படுகிறதா? வெட்டவெளியில் பகலொளி 10,000 லக்ஸுக்கு மேல் இருக்கும். அறைக்குள் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். பகலெல்லாம் அறைக்குள்ளும், இரவெல்லாம் விளக்கு, கைபேசி ஒளியிலும் இருந்தால் கடிகாரம் குழம்பாமல் என்ன செய்யும்?

இன்னொன்று. உங்கள் வயதில் கடிகாரம் இயல்பாகவே சற்றுப் பின்தங்கும். முன்னிரவில் உறக்கம் வராததும், விடியலில் எழ முடியாததும் சோம்பல் அல்ல. நள்ளிரவு வரை வீட்டுப்பாடம், விடிந்ததும் சிறப்பு வகுப்பு என்றால், உங்களுக்குத் தேவையான 8 முதல் 10 மணி நேர உறக்கம் எங்கிருந்து வரும்? உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கலாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இல் பரிந்துரைத்தது. நம் பெற்றோரும் ஆசிரியர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. விடுமுறையிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுங்கள். காலையில் அரை மணி நேரம் வெளியே நடமாடுங்கள். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். படுப்பதற்கு ஒரு மணி முன்பே கைபேசியை ஒதுக்குங்கள். படித்தவை நினைவில் பதிவதும் உறக்கத்தில்தான்.

இரண்டு வாரத்துக்கு மேலும் சோகமோ உறக்கமின்மையோ நீடித்தால் மறைக்காதீர்கள். காய்ச்சலுக்கு மருத்துவரை நாட வெட்கப்படுகிறோமா? இதுவும் அப்படித்தான். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். இந்திய அரசின் 14416 என்ற தொலைபேசி எண்ணிலும் பேசலாம்.

இனி, "நேற்று நன்றாக உறங்கினேன்" என்று சொல்வதையே பெருமையாகக் கொள்ளுங்கள்!